கட்டிங் மாஸ்டர் தையல் பழகிய வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டுக்காரர் பெரிய மனிதர் ஒன்றும் இல்லை. பேப்பரில் படம் வருகிற மாதிரி எதையும் சாதித்தவர் இல்லை. துணி வெட்டுவார். நன்றாக வெட்டுவார். வாய்ப்பேச்சில் மட்டும் ஊரையே வெட்டித் தைத்துவிடுவார். போன வருஷம் இந்த நேரத்தில் அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டே எழுதியிருப்பேன். இப்போது எழுதும்போது நடுநடுவே சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். மருத்துவமனைகளுக்குச் சீருடை தைக்கிற தொழிற்கூடம். இரண்டாவது மாடியில் நீளமான ஒரே ஹால். அதன் ஒரு பாதியில் கட்டிங் டேபிள், மறு பாதியில் தையல் மெஷின்கள். அவர் அந்தப் பாதி, நான் இந்தப் பாதி. அவர் நின்றுகொண்டே வேலை செய்வார். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கரண்டில் ஓடுகிற கத்தியால் மொத்தமாக வெட்டுவார். நான் உட்கார்ந்து தைப்பேன். என்னோடு தைக்கிற பெண்களுக்கும் நான்தான் பொறுப்பு. அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். என்னை அக்கா என்பார்கள். மரியாதை எந்தப் பக்கம் அதிகம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

வெட்டுகிறவர்களுக்குத் தைக்கிறவர்கள் மேல் எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. "நாங்க வெட்டித் தரலைன்னா நீங்க எதைத் தைப்பீங்க?" என்பார் இவர். "நாங்க தைக்கலைன்னா நீங்க வெட்டினதுக்குப் பேரு கந்தல்" என்பேன் நான். வீட்டில் சமையலறையிலும் இதே பேச்சுதான் ஓடும். மெஷின் பக்கம் வந்து உட்காருவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிற ஆள். பாபினில் நூல் சுற்றக்கூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

இப்படி இருந்தபோதுதான் அந்த நீலத் துணி வந்தது. நர்ஸ் கோட்டுகளுக்கான துணி. அதற்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறு பக்கம் மங்கல். சட்டைக் கைக்கு முன்பக்க வளைவு வேறு, பின்பக்க வளைவு வேறு. அதனால் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைக்க முடியாது. துணியைப் பளபளப்பும் பளபளப்பும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மாற்றி மாற்றி விரித்தால் ஓர் அடுக்கில் இடது கை, அடுத்த அடுக்கில் வலது கை என்று ஜோடியாக வந்துவிடும். எல்லா அடுக்கையும் ஒரே பக்கம் மேலே இருக்க விரித்து, ஒரே அட்டையை வைத்து வெட்டினால் அத்தனையும் ஒரே கைதான். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

எங்கள் மெஷின் வரிசையில் கை வைத்துத் தைக்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. அன்று காலையில் அவள் வாய் மூடியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கமாகக் குனிந்து, "அக்கா, இந்தக் கட்டுலயும் லெஃப்ட்டுதான் வருது" என்றாள்.

"சரியாப் பாரு. ரைட்டுக் கட்டு தனியா இருக்கும்."

"மூட்டை பூராப் பிரிச்சுட்டேன்க்கா. எல்லாமே லெஃப்ட்டு."

ரகசியம் அவள் வாயில் எவ்வளவு நேரம் தங்கும்? அடுத்த நிமிஷம் ஹால் முழுக்கத் தெரிந்துவிட்டது. "நர்ஸம்மாவுக்கெல்லாம் ரெண்டும் இடது கையா மாஸ்டர்?" என்று யாரோ கேட்க, மெஷின்கள் நின்று சிரிப்பு கிளம்பியது. நானும் சிரித்தேன். அவரை மடக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்?

அவர் எங்கள் பக்கம் வந்தார். வெட்டிய இரண்டு கைத்துண்டுகளை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "இதை யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். முந்தைய நாள் மதியம் முழுவதும் அவர்தான் அதை வெட்டினார். அந்த டேபிளில் வேறு யாரும் வெட்டுவதே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்தது.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். லாரி ஓட்டியவர். எந்த ஊருக்கு எந்த ரோடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அறுபதைத் தாண்டியதும் முதலில் சாவியைத் தேடினார், பிறகு வீட்டைத் தேடினார். இப்போது சொந்தத் தம்பி போய் நின்றால், "சார் எந்தக் கம்பெனி?" என்று எழுந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போவோம். திரும்பி வரும்போது இவர் வீட்டுச் சாவி பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார். இவருக்கும் அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. மூக்கு, நடை, தும்மல் எல்லாம் ஒன்றுதான். மிச்சமும் ஒன்றாகிவிடுமோ என்று அவர் நினைத்தார், நான் நினைத்தேன், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முதலாளியம்மா அவரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார். "மாஸ்டர், துணி போனாப் போகட்டும். அதுல பாக்கெட்டு வெட்டிக்கலாம், தொப்பி வெட்டிக்கலாம். ஆனா அந்தக் கத்தி கரண்டுல ஓடுது. உங்க விரல் போச்சுன்னா நான் எந்தக் கடையில போய் வாங்குவேன்? டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் கத்தியத் தொடாதீங்க" என்றார். நல்ல மனுஷி. சொன்ன விதமும் நல்ல விதம்தான். ஆனாலும் இவர் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரிடம் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "தெரியாம இருந்தாலாவது நிம்மதியா இருப்பேன்" என்றார். நான் கத்தினேன், அழுதேன், சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவருடைய அண்ணியே எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, உங்க அண்ணனை நான் காட்டினப்போ ரொம்ப லேட்டு. சீக்கிரம் காட்டியிருந்தா சரியாயிருக்கும்னு சொல்ல வரலை. அது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனா என்ன வருதுன்னு தெரிஞ்சு நின்னிருப்பேன். நீங்க என் தங்கச்சிய இருட்டுல நிறுத்தாதீங்க."

என்னைத்தான் தங்கச்சி என்றார். இவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அண்ணிக்கு நான் பட்டிருக்கிற கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

டாக்டரம்மாவுக்கு அன்று கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். சில வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து, வட்டமாக ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். என் வீட்டுக்காரர் காகிதத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "டேப் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"மையம் எடுக்காம எப்படிங்க வட்டம் போடறது?"

டாக்டரம்மா சிரித்ததில் தும்மல் வந்துவிட்டது. கடிகாரம் குறையில்லாமல் வந்தது. ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டபோது பாதிக்கு மேல் காணவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சொல்லக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், என்னென்னவோ பார்த்தார்கள். எல்லாம் வந்த பிறகு டாக்டரம்மா உடைத்துப் பேசினார். "இது மறதி நோய்தான்னு இப்ப சொல்ல முடியாது. இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் சறுக்கல் இருக்கு. ஆனா ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு இருக்கு. சிகரெட்டு வேற. ஊர்ல பாதிப் பேருக்கு டீ போடற சக்கரை உங்க ஒருத்தர் டீக்குள்ளயே போகுது. ராத்திரி பூரா டிவி, தூக்கம் கிடையாது. இதையெல்லாம் வெச்சுக்கிட்டு மூளையை மட்டும் குத்தம் சொன்னா அது பாவம் என்ன பண்ணும்?"

"சரி பண்ணினா வராதுங்களா?" என்று கேட்டது நான்.

"வரவே வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. வர்ற வாய்ப்பைக் குறைக்கலாம், தள்ளிப் போடலாம். மூளைக்குப் போறதும் இதே ரத்தம்தானே? இதயத்தைப் பாத்துக்கிட்டா அதையும் பாத்துக்கிட்ட மாதிரிதான். ஒரு வருஷம் பண்ணுங்க. மறுபடி இதே மாதிரி கேட்டுப் பாக்கலாம்."

நடக்கச் சொன்னார். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அந்த வேகம். தட்டில் காய்கறி பாதி இருக்க வேண்டும். மனிதர்களோடு பழக வேண்டும், மூலையில் உட்காரக் கூடாது. "முக்கியமா, புதுசா ஏதாவது ஒரு வேலை கத்துக்குங்க. தெரிஞ்ச வேலையக் கை தானாச் செஞ்சுடும், தலைக்கு வேலையே இருக்காது" என்றார்.

"இந்த வயசுலயாங்க?"

"இந்த வயசுலதாங்க."

நான் ஒவ்வொன்றுக்கும் அவரைத் திரும்பிப் பார்த்து, 'நான் சொன்னப்போ கேட்டீங்களா' என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். "நீங்க கையை நீட்டுங்கம்மா" என்றார். எனக்கா, நான் சும்மா கூட வந்தவள் என்றேன். நீட்டச் சொல்லி, ரத்தக் கொதிப்புப் பார்க்கிற பட்டையைக் கட்டினார். என் வீட்டுக்காரருடையதைவிட என்னுடையது கொஞ்சம்தான் குறைவு. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, வீட்டுக்கு வந்தால் மிச்சம் மீதியைத் தின்று தீர்க்கிற பழக்கம், நடை என்பது பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். இதையெல்லாம் நானே என் வாயால் சொல்லி மாட்டிக்கொண்டேன். வரும்போது ஒரு மாத்திரைச் சீட்டு எதிர்பார்த்தோம், இரண்டோடு திரும்பினோம். என் மூக்கு உடைபட்டதில் அவருக்கு அன்று கொஞ்சம் தெம்பு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் புது வேலை பற்றிப் பேச்சு வந்தது. குறுக்கெழுத்து வேண்டாமாம். சதுரங்கம் தூக்கம் வருமாம். வெளியூரில் இருக்கிற எங்கள் மகள் போனில் ஏதோ மொழி படிக்கச் சொன்னாள். இருக்கிற மொழியில் பேசுவதற்கே வீட்டில் ஆள் இல்லை என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தனை வருஷமா தையக்காரங்களுக்குத் துணி வெட்டிப் போடறீங்களே, நேரா ஒரு தையல் போடத் தெரியுமா உங்களுக்கு?"

"அது என்ன பெரிய வேலையா?"

"அப்ப போட்டுக் காட்டுங்க."

கோபத்தில் சொன்னதுதான். மறுநாள் காலையில் மனிதர் நேராக வந்து ஜன்னலோரம் சும்மா கிடந்த மெஷினில் உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மா பார்த்தார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டார். "சரி, அவர் உக்காரட்டும். நீங்க நில்லுங்க" என்றார் என்னிடம். டேபிளில் துணி விரித்துக் கோடு போடுவது என் வேலை, கத்தி பிடிப்பது தன் வேலை என்று சொல்லிவிட்டார். சின்ன வயதில் முதலாளியம்மாவும் வெட்டியவர்தான். இப்படியாக, கல்யாணமான நாளிலிருந்து ஹாலின் ஒரு பாதியில் இருந்தவர் மறு பாதிக்கும், நான் அவர் பாதிக்கும் போனோம்.

அவர் தையல் பழகிய கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெடலை லாரி பிரேக் மாதிரி மிதிப்பார். மெஷின் ஒரே பாய்ச்சலாகப் பாயும். பயந்து காலை எடுப்பார். துணிக்கு அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு மாதிரி நிற்கும். நேராகப் போட வேண்டிய தையல் குடித்தவன் நடை மாதிரி போகும். ரேடியோ அவருக்கு டிரெய்னி மாஸ்டர் என்று பெயர் வைத்தாள். "டிரெய்னி மாஸ்டர், ஊசிய முதல்ல இறக்குங்க, அப்புறம் துணியை அழுத்தற காலை இறக்குங்க" என்று அவள் சொல்ல, இவர் பள்ளிப் பிள்ளை மாதிரி வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிச் செய்வார். யாராவது சிரித்தால் முன்பெல்லாம் எரிந்து விழுவார். இப்போது அவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை காலம் டேபிளில் தனியாக நின்றவருக்கு இப்போது இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தது. யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகளுக்கு எங்கே வேலை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் எனக்கே செய்தி சொல்வார்.

என் பாடு வேறு. துணியைப் பிடித்துக்கொண்டு டேபிளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதும் வருவதுமாக, முதல் வாரம் கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. மெஷினில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் மாதம் இரண்டு போனதும் மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சு வாங்குகிற பழக்கம் என்னை விட்டுப் போயிருந்தது.

வேலை முடிந்ததும் கூட்ஸ் ஷெட் மதிலை ஒட்டி வீடு வரை நடந்தே வருவோம். முன்பெல்லாம் எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன். பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நடந்தார். சிகரெட்டை விடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டை வைத்துக்கொண்டு, நினைப்பு வரும்போதெல்லாம் விரலிடுக்கில் அதை உருட்டினார். சட்டையெல்லாம் வெள்ளை. துவைத்தவள் நான். திட்டிக்கொண்டேதான் துவைத்தேன், ஆனால் மனதுக்குள் அந்த வெள்ளைக் கறையைக் கும்பிட்டேன்.

எல்லாம் நேராகப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிட்டார். இன்னொரு நாள் மகள் வருகிற தேதியை மாற்றிச் சொன்னார். அவ்வளவுதான். அவருக்குப் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். நேற்று என்ன காய், எதிர் வீட்டுக்காரர் என்ன வேலை, போன மாதம் யார் கல்யாணத்துக்குப் போனோம். மகளும் போனில் தன் பங்குக்குக் கேட்பாள். ஒரு நாள் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் உன் புருஷனா, இல்ல பரீட்சைக்கு வந்தவனா? மறந்தா மறந்துட்டுப் போறேன், அதுவரைக்கும் நிம்மதியா டீ குடிக்க விடு" என்று கத்திவிட்டார். குரல் உடைந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன். மகளையும் நிறுத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை. முந்தைய நாள் முழுக்க வீட்டில் விருந்தாட்கள். எனக்குச் சரியான தூக்கமே இல்லை. போன வாரம் முழுவதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வெள்ளைத் துணியை விரித்திருந்தேன். அதற்கு இடது கை, வலது கை என்ற தொல்லையே கிடையாது, வெட்டிய கையைத் திருப்பிப் போட்டால் மறு கை ஆகிவிடும். அன்று மறுபடி ஒரு பளபளப்புத் துணி வந்தது. விரித்தேன், அந்தக் கோடியில் கத்தரித்தேன், இந்தக் கோடிக்கு வந்தேன், மறுபடி விரித்தேன். அட்டையை வைத்துக் கோடும் போட்டுவிட்டேன். முதலாளியம்மா கத்தியின் சுவிட்சைப் போட்டார்.

"நிறுத்துங்க!"

ஜன்னலோர மெஷினிலிருந்து அவர் கத்தின கத்தலில் ஹாலே நின்றது. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"நீ ஏன் வெறுங்கையோட திரும்பி வந்த?"

எனக்குப் புரியவில்லை.

"மாத்தி மாத்தி விரிக்கணும்னா போகும்போதும் துணி இருக்கும், வரும்போதும் கையில துணி இருக்கும். நீ ஒவ்வொரு தடவையும் அங்க கத்தரிச்சுட்டு வெறுங்கையோட வர்ற. கத்தரிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கே. எல்லாம் ஒரே பக்கம் மேல கிடக்கு, பாரு."

அடுக்கைப் புரட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. நான் கோடு போட்டிருந்தது கைகளுக்கு. அத்தனையும் இடது கையாக வந்திருக்கும். முதலாளியம்மா சுவிட்சை அணைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"வெள்ளைத் துணிய விரிச்சுப் பழகின கை, அதே மாதிரி செஞ்சுடுச்சுங்க" என்றேன். "நேத்து தூக்கமும் இல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு எனக்கும் அதுக்கு முந்தின வாரம் பூரா வெள்ளைத் துணிதான்" என்றார் மெதுவாக. "எனக்கும் அந்த வாரம் தூக்கம் இல்ல." பிறகு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் மாதிரி, "ஏம்மா, இது உனக்கும் வருது!" என்றார்.

புருஷன் என்னிடம் அதுவரை சொன்னதிலேயே இனிப்பான வார்த்தை அதுதான். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தத் தப்பைச் செய்ததற்காகத் துளிகூட வெட்கம் வரவில்லை. அந்தத் துணியைத் தடவிக் கொடுக்கலாம் போல இருந்தது. அவர் அன்று மறந்துபோனது முழுவதும் இதில் அடங்கிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். தான் வெட்டியதே ஞாபகம் இல்லாமல் போனது வேறு விஷயம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. நடக்கும்போது அவர் வேகத்துக்கு நான் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது.

வருஷம் முடிந்தது. டாக்டரம்மாவிடம் போகிற நாள் காலையில் அவர் தானே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். காலர் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷத்தில் நானும் கொஞ்சம் திருந்தியிருக்கிறேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என் உதடு அசைவதை என் வீட்டுக்காரர் பார்த்துவிடுகிறாராம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், ஆனால் அவர் முகம் அண்ணன் முகம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கதவு திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் கீழ இறங்கலை" என்றார் டாக்டரம்மா. "வார்த்தைகள்ல ஒன்னு ரெண்டு கூடவே சொன்னாரு. ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கு, ரெண்டு பேருக்கும். நடந்ததாலயா, தூங்கினதாலயா, தச்சதாலயான்னு என்னைக் கேக்காதீங்க, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. நாளைக்கு என்ன ஆகும்னும் சொல்ல முடியாது. இன்னிக்கு நல்லா இருக்காரு. கத்தி பிடிக்கலாம். எதையும் நிறுத்திடாதீங்க."

நான் எழுந்து டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. இதற்கு ஒரு மாத்திரை எழுதிவிடப் போகிறார் என்று பயந்து கையை விட்டேன்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நிறையப் பேர் நின்றார்கள். அவர் தூக்கிக்கொண்டிருந்த காலரை இழுத்துவிட்டுக்கொண்டே நின்றார். நல்ல செய்தி கேட்டு வந்தவர் மாதிரியே இல்லை. என்னங்க என்று கேட்டேன்.

"ஒன்னு சொல்றேன், திட்டாத" என்றார். "இந்த ஒரு வருஷமும் தினம் காலைல எழுந்ததும் எனக்கு நானே பரீட்சை வெச்சுக்குவேன். நீ தூங்கிட்டிருப்ப. உன் முகத்தைப் பாத்து முதல்ல உன் பேரை மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். அப்புறம் நம்ம பாப்பா பேரு. அதுக்கப்புறம்தான் கீழ காலை வைப்பேன்."

என்னிடம் ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்றேன்.

"சொன்னா நீ பயப்படுவ. ஒரு நாள் உன் பேரு வரலை. பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், முகம் தெரியுது, எல்லாம் தெரியுது, பேரு மட்டும் வரலை. எனக்கு வேர்த்துடுச்சு. அப்பப் பாத்து நீ தூக்கத்துலயே யாரையோ திட்டின. அந்தக் குரலைக் கேட்டதும் வந்துடுச்சு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பஸ் ஸ்டாப் என்றும் பார்க்கவில்லை. தூக்கத்தில்கூடத் திட்டுகிற வாயை எனக்குக் கொடுத்த கடவுளுக்கு அன்றுதான் முதல் தடவையாக நன்றி சொன்னேன். எத்தனை காலை அவர் தனியாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ, நான் குறட்டை விட்டுக்கொண்டு பக்கத்தில் கிடந்திருக்கிறேன்.

"இனிமே மனசுக்குள்ள சொல்ல வேணாம்" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க. நான் முழிச்சுக்கறேன்."

கல்யாணமான புதிதில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பாப்பா பிறந்த பிறகு அது 'இந்தா', 'ஏம்மா', 'இங்க பாரு' என்று ஆகிவிட்டது. பெயர் எங்கே போனது என்று நானும் தேடவில்லை. அவர் சுற்றிலும் நிற்கிறவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி என் பெயரைச் சத்தமாகச் சொன்னார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றேன்.